ஊழல் எப்படி வேலை செய்கிறது, எங்கே வலிக்கிறது

ஊழலைப் பற்றிப் பேச்சு வந்தாலே அது இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். ஒன்று, "எல்லாருமே அப்படித்தான்" என்கிற சலிப்பு. இன்னொன்று, எத்தனை கோடி போயிற்று என்கிற கணக்கு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஒரே அரசில், ஒரே மாதிரிப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள் இருக்கும் இரண்டு அலுவலகங்களில் ஒன்றில் மட்டும் லஞ்சம் புழங்குகிறது என்றால், கெட்டவர்கள் எல்லாரும் அந்த ஒன்றுக்கே பார்த்துப் போனார்களா? கைமாறிய தொகைதான் நட்டம் என்றால், சின்னத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு கண்ணை மூடியதால் ஒரு கட்டிடம் இடிந்து விழும்போது அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

வரையறையிலிருந்து தொடங்கலாம். பெர்லினிலிருந்து 1993 முதல் இயங்கிவரும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு சொல்வது இது: நம்பி ஒப்படைத்த அதிகாரத்தைச் சொந்த ஆதாயத்துக்காகத் தவறாகப் பயன்படுத்துவது ஊழல். திருடனுக்கு நாம் எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவருக்கும், டெண்டரைத் திறக்கிறவருக்கும், மருத்துவமனைக்கு மருந்து வாங்க ஆர்டர் போடுகிறவருக்கும் நாம்தான் அதிகாரம் கொடுத்திருக்கிறோம், நமக்காக முடிவெடுங்கள் என்று. அந்த முடிவு வேறு யாருக்காகவோ எடுக்கப்படும்போது ஊழல் பிறக்கிறது.

ஆதாயம் என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தம்பி மகனுக்கு வேலை, கட்சி நிதிக்கு நன்கொடை, ஓய்வுபெற்ற மறுவருடமே அதே கம்பெனியில் ஆலோசகர் பதவி, இவையும் ஆதாயம்தான். அதேபோல ஊழல் என்றால் லஞ்சம் மட்டுமல்ல. கஜானாவிலிருந்து எடுத்துக்கொள்வது கையாடல். ஆளே இல்லாத பெயர்களுக்குச் சம்பளம் போடுவதும் கையாடலின் ஒரு வகை. நைஜீரிய அரசு 2016-ல் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தபோது ஏறக்குறைய 24,000 இல்லாத ஊழியர்களின் பெயர்களை நீக்கியது. தான் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் தனக்கே பங்கு இருப்பதை மறைப்பது இன்னொரு வகை. இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். நமக்கு உதவுவது வேறு ஒரு பிரிவினை.

இரண்டு வகை லஞ்சம்

சட்டப்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் கொடுக்கவே பணம் கேட்பது ஒரு வகை. பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம், மின் இணைப்பு, இவற்றுக்கெல்லாம் உங்களிடம் எல்லாத் தகுதியும் இருக்கும், எல்லாக் காகிதமும் இருக்கும். ஆனாலும் ஃபைல் நகராது. "கொஞ்சம் கவனிச்சா நல்லா இருக்கும்" என்பார்கள். இங்கே கொடுக்கிறவர் பாதிக்கப்பட்டவர். கோபம் இருக்கும், சாட்சி சொல்லத் தயாராகவும் இருக்கலாம்.

உங்களுக்குக் கிடைக்கக் கூடாததைப் பெறுவதற்குக் கொடுப்பது இரண்டாவது வகை. ஆற்றில் கழிவைக் கொட்ட அனுமதி, விதியை மீறிக் கூடுதல் மாடி, தரமில்லாத பொருளுக்குத் தரச் சான்று. இங்கே கொடுத்தவருக்கும் சந்தோஷம், வாங்கினவருக்கும் சந்தோஷம். நட்டப்படுகிறவர் அந்த அறையிலேயே இல்லை. ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவருக்குத் தனக்கு எதிராக ஒரு பேரம் நடந்ததே தெரியாது. புகார் கொடுக்க ஆளே கிடையாது.

முதல் வகை எரிச்சலூட்டும். அதனால் நம் பேச்சு முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. ஆள்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகை. என்னைக் கேட்டால், ஊழலைப் பற்றிய நம் பொதுவிவாதத்தின் மிகப் பெரிய குறை இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான்.

ஏன் சில மேசைகளில் மட்டும்?

பொருளியலாளர் ராபர்ட் கிளிட்கார்ட் 1980-களில் ஒரு சூத்திரம் சொன்னார். ஏகபோகமும் விருப்பதிகாரமும் கூட்டி, அதிலிருந்து பதில் சொல்ல வேண்டிய பொறுப்பைக் கழித்தால் வருவது ஊழல். கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிவிடுகிறது.

ஒரு சேவை ஒரே ஒரு மேசையில்தான் கிடைக்கும் என்றால் அது ஏகபோகம். அங்கே உட்கார்ந்திருப்பவர் 'ஆம்' சொல்வதா 'இல்லை' சொல்வதா என்பதற்குத் தெளிவான விதி இல்லை, அவர் பார்த்துச் செய்வதுதான் என்றால் அது விருப்பதிகாரம். ஏன் மறுத்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கப் போவதில்லை என்றால் பொறுப்பு இல்லை. மூன்றும் சேர்ந்த மேசையில் நல்ல மனிதரை உட்காரவைத்தாலும் கொஞ்ச நாளில் அவரைச் சுற்றி ஒரு சந்தை உருவாகிவிடும். அவரே வாங்காவிட்டாலும், அவர் பெயரைச் சொல்லி வாசலில் ஒருவர் வாங்குவார்.

இதை மிக நேர்த்தியாகக் காட்டிய ஆய்வு ஒன்று டெல்லியில் ஓட்டுநர் உரிமத்தை வைத்து நடந்தது. முடிவுகள் 2007-ல் வெளியாயின. உரிமம் எடுக்க வந்த 822 பேரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு குழுவிடம், சீக்கிரம் உரிமம் வாங்கினால் பரிசுத் தொகை உண்டு என்றார்கள். இன்னொரு குழுவுக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவை அப்படியே விட்டார்கள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுத் தனியாக ஒரு ஓட்டுநர் சோதனை வைத்தார்கள்.

உரிமம் வாங்கியவர்களில் 10-க்கு 7 பேர் அரசு வைக்கும் தேர்வுக்கே போகவில்லை. 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உரிமம் கையில் வந்த நேரத்தில் ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை. பரிசுக்கு ஆசைப்பட்ட குழு வேகமாக உரிமம் வாங்கியது, ஓட்டத் தெரியாமலேயே. சரி, நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் சுலபமாகத் தேறியிருக்க வேண்டுமே? நேர்வழியில் தேர்வுக்குப் போனவர்களை அதிகாரிகள் தாறுமாறாக ஃபெயில் செய்தார்கள். ஓட்டத் தெரிந்தவரா தெரியாதவரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை அவர்கள் புரோக்கரிடம் போவார்கள். அதிகாரியின் கையில் யாரும் நேரடியாகப் பணம் வைத்ததாகப் பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் புரோக்கர் வழியாகவே போனது.

ஊழல் நடந்த இடத்தில் தேர்வு கடினமாக இருந்தது என்று சொல்ல முடியாது, எளிதாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. தேர்வுக்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. சாலைக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று பிரிக்கும் வேலையைச் செய்யத்தான் அந்த அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு வேலைதான் நடக்கவில்லை.

"வேலை சீக்கிரம் முடியுதே?"

இந்த வாதத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. 1960-களில் ஆய்வாளர்கள் மத்தியிலும் இதற்கு மரியாதை இருந்தது. நத்தானியல் லெஃப், சாமுவேல் ஹண்டிங்டன் போன்றவர்கள், இறுகிப்போன அரசு இயந்திரத்தில் லஞ்சம் கொஞ்சம் எண்ணெய் போல வேலை செய்யும் என்று எழுதினார்கள். ஒரு தனிமனிதரின் ஒருநாள் அனுபவமாகப் பார்த்தால் இது சரி போலத்தான் தோன்றும். பணம் கொடுத்தார், வேலை முடிந்தது.

அதே காலத்தில் சுவீடன் பொருளியலாளர் குன்னார் மிர்டல் இதைத் திருப்பிப் போட்டார். வேகத்துக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால், தாமதத்தை உற்பத்தி செய்வதுதான் அதிகாரிக்கு லாபம். ஃபைல் தானாக நகர்ந்துவிட்டால் யார் பணம் கொடுப்பார்கள்? ஆகவே புதுப்புது ஆட்சேபணைகள் முளைக்கும், கூடுதல் காகிதம் கேட்கப்படும், "அடுத்த வாரம் வாங்க" என்பது கொள்கையாகவே மாறும். பல நாட்டு நிறுவனங்களின் பதில்களை வைத்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: அதிகமாக லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்கள் அதிகாரிகளோடு செலவழிக்கும் நேரம் குறைவதில்லை, கூடுகிறது. கொடுப்பார் என்று தெரிந்துவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடத்தானே செய்வார்கள்.

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் லாரிகளை வைத்து நடந்த ஆய்வு இதில் இன்னொரு நுணுக்கத்தைக் காட்டியது. ஆய்வாளர்களின் ஆட்கள் 304 பயணங்களில் லாரியிலேயே உட்கார்ந்து போனார்கள். வழியில் சோதனைச் சாவடிகளிலும் எடைபோடும் நிலையங்களிலும் ஓட்டுநர்கள் கொடுத்த 6,000-க்கும் மேற்பட்ட சட்டவிரோதத் தொகைகளைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு பயணத்தின் செலவில் சராசரியாக 13 சதவீதம் இதற்கே போனது. ஓட்டுநரின் கூலியே அவ்வளவு இல்லை. 2005-ல் அங்கே அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டு ராணுவமும் போலீசும் படிப்படியாக வெளியேற, சாவடிகள் குறைந்தன. மொத்தச் செலவும் குறைந்தது. ஆனால் மிச்சமிருந்த சாவடிகள் ஒவ்வொன்றும் முன்பைவிட அதிகம் கேட்டது. லஞ்சமும் ஒரு விலைதான், சந்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட விலை. எத்தனை பேர் வழியில் கை நீட்டுகிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு கேட்டால் வியாபாரி தொழிலையே விட்டுவிடுவார் என்கிற கணக்கு எல்லாத் தரப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 13 சதவீதம் லாரிக்காரரின் பையிலிருந்து மட்டும் போவதில்லை என்பதையும் சொல்லத் தேவையில்லை. லாரியில் ஏறிய எல்லாப் பொருளின் விலையிலும் அது உட்கார்ந்திருக்கும்.

எங்கே வலிக்கிறது

2010 ஜனவரியில் ஹைத்தியில் 7.0 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. பெருந்திரளாக மக்கள் செத்தார்கள், பெரும்பாலும் இடிந்த கட்டிடங்களுக்குள். அதே ஆண்டு செப்டம்பரில் நியூசிலாந்தில் கிட்டத்தட்ட அதே வலுவுள்ள நிலநடுக்கம் வந்தது. கட்டிடம் இடிந்து ஒருவர்கூடச் சாகவில்லை. நிலநடுக்கத்தின் ஆழம், ஊருக்கும் அதற்கும் உள்ள தூரம், நாட்டின் வறுமை எல்லாமே இதில் சேரும். ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனால் அதையடுத்து 2011 ஜனவரியில் நேச்சர் அறிவியல் இதழில் நிக்கோலஸ் ஆம்ப்ரேசிஸ், ரோஜர் பில்ஹாம் இருவரும் எழுதிய கட்டுரையில் ஒரு எண் இருந்தது. முந்தைய 30 ஆண்டுகளில் நிலநடுக்கத்தால் கட்டிடம் இடிந்து செத்தவர்களில் 83 சதவீதம் பேர், தங்கள் வருமான நிலைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமான ஊழல் உள்ள நாடுகளில் செத்திருந்தார்கள். வறுமையால் மட்டும் விளக்க முடியாத ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

கட்டுமானத்தை யோசித்துப் பாருங்கள். கம்பி எத்தனை, சிமெண்ட் எவ்வளவு என்பதெல்லாம் பூச்சு முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய ஒரே ஆள், பார்க்க வேண்டிய ஒரே நேரத்தில் வந்து பார்க்கும் ஆய்வாளர்தான். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், உண்மை வெளியே வர ஒரு நிலநடுக்கம் தேவைப்படுகிறது. அவர் வாங்கிய தொகை என்னவாக இருந்தாலும் அது இந்த நட்டத்தில் ஒரு தூசு.

எங்கே செலவழிப்பது என்கிற முடிவும் வளைகிறது. பொருளியலாளர்கள் வீட்டோ டான்சி, ஹமீத் தாவூதி இருவரும் 1997-ல் பல நாடுகளின் தரவை வைத்துக் காட்டியது இது: ஊழல் அதிகமான இடங்களில் புதிய பொதுக் கட்டுமானத்துக்குச் செலவு கூடுகிறது, இருப்பதைப் பராமரிக்கும் செலவு குறைகிறது, கட்டியதன் தரமும் குறைகிறது. காரணம் வெளிப்படை. புதிய பாலத்துக்குப் பெரிய டெண்டர் உண்டு, பெரிய டெண்டரில் கமிஷன் உண்டு. பழைய பாலத்துக்கு வருடாவருடம் பெயிண்ட் அடிப்பதில் யாருக்கு என்ன கிடைக்கும்? கல்வி விஷயத்திலும் இதே கதை. ஊழல் கூடும் நாடுகளில் கல்விக்கான பங்கு குறைகிறது என்று பொருளியலாளர் பாவ்லோ மாரோ 1998-ல் எழுதினார். ஆசிரியர் சம்பளத்திலிருந்து கட்டிங் எடுப்பது கடினம். விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாத பிரம்மாண்ட இயந்திரங்களை வாங்குவதில் எடுப்பது சுலபம்.

பணம் சரியான இடத்துக்கு ஒதுக்கப்பட்டாலும் போய்ச் சேர வேண்டுமே. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு, மாணவர் எண்ணிக்கையை வைத்து மத்திய அரசு ஒதுக்கிய மானியம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்தார்கள். சராசரியாக 13 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு எதுவுமே வரவில்லை. அரசு ஏடுகளில் மட்டும் கல்விச் செலவு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது.

ஏட்டில் இருப்பதற்கும் நிலத்தில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி ஒரு நாட்டையே கவிழ்க்கும் அளவுக்குப் போகலாம். 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரம், எண்ணிக்கையில் மிகச் சிறிய ஐஎஸ் படையிடம் சில நாட்களில் விழுந்தது. உலகமே வியந்தது, இவ்வளவு பெரிய ராணுவம் எங்கே போயிற்று என்று. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: வெறும் நான்கு டிவிஷன்களைச் சோதித்ததில் 50,000 சிப்பாய்கள் பெயரில் மட்டும் இருந்தார்கள். அவர்களின் சம்பளத்தை அதிகாரிகள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராணுவம் ஓடிப்போனது என்பது பாதிதான் உண்மை. ஒரு பகுதி அங்கே இருந்ததே இல்லை.

எண்ணில் பிடிக்க முடியாத ஒரு சேதமும் உண்டு. தகுதியால் எதுவும் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட இளைஞர் என்ன செய்வார்? படிப்பைவிட ஆள் பிடிப்பதில் நேரம் செலவழிப்பார். அது அவர் பார்வையில் முழுக்க அறிவுள்ள முடிவு. பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர் போட்ட முதலை எடுக்கத்தான் பார்ப்பார். வரி கட்டுகிறவர், கட்டிய பணம் யாருடைய வீட்டுக்குப் போகிறதோ என்று நினைத்தால் கட்டாமலிருக்க வழி தேடுவார். வருவாய் குறைந்தால் சேவை இன்னும் மோசமாகும், வரிசை இன்னும் நீளும், அந்த வரிசையே புதிய லஞ்சத்துக்கு இடமாகும். இதெல்லாம் ஏழைகள் மேல்தான் கனமாக விழுகிறது. அவர்களுக்கு அரசு மருத்துவமனையை விட்டால் வேறு மருத்துவமனை இல்லை, கேட்கிற தொகை அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கு, மேலே பேச ஆளும் இல்லை.

"நான் ஒருத்தன் மட்டும் நேர்மையா இருந்து என்ன ஆகப்போகுது?" என்ற கேள்வியைச் சோம்பலின் குரல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் எல்லாரும் கொடுக்கிற இடத்தில் கொடுக்காதவரின் வேலை மட்டும்தான் நிற்கும். எல்லாரும் வாங்குகிற அலுவலகத்தில் வாங்காதவர் மற்றவர்களுக்கு ஆபத்தானவர். இடமாற்றம் அவருக்குத்தான் வரும். ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்தால் ஒத்துப்போவதே லாபம், எல்லாருமாகச் சேர்ந்து பார்த்தால் எல்லாருக்கும் நட்டம். பிரசங்கங்கள் ஏன் ஊழலைக் குறைப்பதில்லை என்பதற்கு இதுவே பெரும்பாலான விளக்கம்.

மேலே போனால்

இதுவரை சொன்னது மேசை மட்டத்து ஊழல், அதிகபட்சம் துறை மட்டத்து ஊழல். இன்னும் மேலே போனால் விதியை மீறுவது தேவைப்படாது, விதியையே மாற்றிக்கொள்ளலாம். இதை அரசைக் கைப்பற்றுதல் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜேக்கப் ஜூமா அதிபராக இருந்த காலத்தில் குப்தா சகோதரர்களின் தொழில் குடும்பம் அமைச்சர் நியமனம் வரை செல்வாக்குச் செலுத்தியது பற்றி விசாரிக்க நீதிபதி ரேமண்ட் ஜோண்டோ தலைமையிலான ஆணையம் 2018 முதல் இயங்கி, 2022-ல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. மின்சாரம், ரயில்வே போன்ற அரசு நிறுவனங்கள் எப்படி உள்ளிருந்தே காலிசெய்யப்பட்டன என்பதே அதன் சாரம்.

மலேசியாவின் 1எம்டிபி நிதி நாட்டு வளர்ச்சிக்கென்று 2009-ல் தொடங்கப்பட்டது. அதிலிருந்து 450 கோடி டாலருக்கும் அதிகமாகத் திருப்பிவிடப்பட்டது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் குற்றம்சாட்டியது. பணம் லெட்டர்பேட் கம்பெனிகள் வழியாகப் பல நாட்டு வங்கிகளில் சுற்றி, மாளிகைகளாகவும் உல்லாசக் கப்பலாகவும் ஓவியங்களாகவும் மாறியது. நிதி மோசடியைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்துக்குக்கூட அதில் ஒரு பகுதி போனது, இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2018 தேர்தலில் தோற்ற பிரதமர் நஜீப் ரசாக், அந்த நிதியின் கிளையாக இருந்த ஒரு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கில் 2020-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மேல்முறையீடுகள் முடிந்து 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார்.

இந்த அளவு ஊழலுக்கு ஒரு நாடு போதாது. கொடுக்கிறவர், பணத்தை ஒளிக்கிறவர், சொத்து விற்கிறவர் எல்லாரும் பெரும்பாலும் ஊழல் குறைவு என்று பெயரெடுத்த நாடுகளில் இருக்கிறார்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிய முதல் நாடு அமெரிக்கா, 1977-ல். ஜெர்மனியிலோ வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவு வாங்குவது 1999 வரை சாத்தியமாக இருந்தது. அந்த வருடம்தான், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 2008-ல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் பல நாடுகளில் கொடுத்த லஞ்சத்துக்காக அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. ஆண்டுதோறும் வெளியாகும் ஊழல் மதிப்பீட்டுக் குறியீட்டில் நாடுகளின் வரிசையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. 1995-ல் தொடங்கிய அந்தக் குறியீடு, பொதுத்துறையில் எவ்வளவு ஊழல் இருப்பதாக வல்லுநர்களும் தொழில்துறையினரும் கருதுகிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. மறைத்துவைக்க இடம் கொடுக்கும் வங்கியை அது எண்ணுவதில்லை.

எது வேலை செய்தது

சம்பளத்தைக் கூட்டினால் லஞ்சம் குறையும் என்பது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. கானா 2010-ல் போலீஸ் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. நெடுஞ்சாலையில் லாரிகளைக் கவனித்த ஆய்வாளர்கள் பார்த்தது நேர்மாறு: போலீஸ் வாங்குவதற்கு எடுத்த முயற்சியும் கேட்ட தொகையும் கூடின. பிடிபடும் பயம் இல்லாத இடத்தில் சம்பள உயர்வு வெறும் சம்பள உயர்வுதான். (பட்டினிச் சம்பளத்தில் நேர்மையை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல, அது வேறு.)

பிடிபடும் பயம் என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. ஐநாவில் இருக்கும் வெளிநாட்டுத் தூதர்களுக்குப் பார்க்கிங் அபராதத்திலிருந்து விலக்கு இருந்தது. 1997-க்கும் 2002-க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அபராதச் சீட்டுகள் கட்டப்படாமல் கிடந்தன. ஊழல் அதிகமான நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதிகம் மீறினார்கள். சுவீடன், நார்வே தூதர்கள் பெயரில் நிலுவையே இல்லை. பழக்கம் கூடவே வருகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் 2002 அக்டோபரில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கலாம் என்று நகரத்துக்கு அதிகாரம் வந்ததும் கட்டாத சீட்டுகள் 98 சதவீதம் குறைந்துபோயின. அதே ஆட்கள், அதே பழக்கம். விளைவு மட்டும்தான் மாறியது.

தணிக்கையின் பலத்தை இந்தோனேசியாவில் பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் சோதித்தார். 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலை போடும் திட்டம். போட்ட சாலையைத் தோண்டி மாதிரி எடுத்து, கணக்கில் காட்டிய ஜல்லிக்கும் மணலுக்கும் உண்மையில் கிடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தார்கள். அரசுத் தணிக்கை வரும் வாய்ப்பை 4 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக்கியபோது காணாமல்போகும் பங்கு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கூட்டம் போட்டு மக்களைக் கேள்வி கேட்கவைத்ததில் அந்த அளவு பலன் இல்லை. ஆனால் ஒன்று: தணிக்கை வரும் என்று தெரிந்த கிராமங்களில் திட்டத்தை நடத்தியவர்களின் உறவினர்களுக்கு அதிகம் வேலை கிடைத்தது. காகிதத்தில் சிக்காத வழிக்கு ஊழல் இடம் மாறிக்கொண்டது.

உகாண்டா பள்ளிகளுக்கு வருவோம். அரசு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பும் தொகையைப் பத்திரிகைகளில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் போய்ச் சேர்ந்த பங்கு சுமார் 80 சதவீதம். அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன, எல்லாப் பெருமையையும் பத்திரிகைக்குக் கொடுக்க முடியாது என்று பின்னால் விவாதம் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபணை. ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாத தலைமையாசிரியரால் எவ்வளவு வரவில்லை என்று கேட்க முடியாது.

முழு நிறுவனமும் அழுகியிருந்தால் என்ன செய்வது? அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் 1973-ல் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி, வருமானத்துக்கு மீறிய சொத்து பற்றிய விசாரணை நடக்கும்போதே விமானம் ஏறி பிரிட்டனுக்குப் போய்விட்டார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதுவரை போலீஸ் ஊழலை விசாரித்தது போலீசின் ஒரு பிரிவு. 1974 பிப்ரவரியில் அந்த வேலை ஐசிஏசி என்ற தனி ஆணையத்துக்குப் போனது. அது ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும். காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு வருடம் சிறைக்கு அனுப்பினார்கள். ஆணையத்தில் விசாரணைப் பிரிவோடு, அலுவலக நடைமுறைகளை அலசி ஓட்டைகளை அடைக்கும் பிரிவு ஒன்றும், மக்களிடம் பேசும் பிரிவு ஒன்றும் இருந்தன. வழி சுமுகமாக இருக்கவில்லை. 1977 அக்டோபரில் போலீசார் ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். ஆளுநர் முர்ரே மெக்லஹோஸ் இறங்கிவந்து, அந்த ஆண்டு தொடக்கத்துக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களுக்கு மன்னிப்பு கொடுத்தார். நியாயப்படி பார்த்தால் கசப்பான சமரசம். ஆனால் பழையதைக் கிளறப் போவதில்லை, இனிமேல் விடப்போவதும் இல்லை என்று எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துபோனது. மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்கிற நம்பிக்கை அப்படித்தான் வந்தது.

முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியா வேறு வழியில் போனது. 2003 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துப் போலீசை மொத்தமாகவே கலைத்துவிட்டு, புதிய ஆட்களைக் கூடுதல் சம்பளத்தில் எடுத்தது. சாலையில் லஞ்சம் ஏறக்குறைய மறைந்தது. அதே அரசு பின்னால் சிறைக் கொடுமைகளுக்காகவும் அதிகாரக் குவிப்புக்காகவும் கடும் எதிர்ப்பைச் சந்தித்து 2012 தேர்தலில் தோற்றது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த எல்லா முயற்சிகளிலும் தீராத ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. முன்னே சொன்ன இரண்டு வகை லஞ்சத்தில், முதல் வகையில் கொடுத்தவரையும் தண்டிப்பதா? இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது கௌசிக் பாசு 2011-ல் ஒரு யோசனை சொன்னார். உரியதைப் பெறுவதற்காகக் கொடுக்கும் லஞ்சத்தில் கொடுப்பதைக் குற்றமல்ல என்று ஆக்கிவிடுங்கள், வாங்குவது மட்டும் குற்றமாக இருக்கட்டும், பணமும் திரும்பக் கிடைக்கட்டும். அப்போது கொடுத்தவரே புகார் சொல்வார். அவர் சொல்வார் என்று தெரிந்தால் வாங்குகிறவர் தயங்குவார். லஞ்சத்தைச் சட்டபூர்வமாக்கச் சொல்கிறாரா என்று பெரிய கூச்சல் எழுந்தது. 2018-ல் இந்தியாவின் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது பாதை கிட்டத்தட்ட எதிர்த்திசையில் போனது: கொடுப்பதும் நேரடிக் குற்றம், 7 ஆண்டுவரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தவர் மட்டும், 7 நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பலாம். மகனுக்குச் சான்றிதழ் கிடைக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, அந்த 7 நாட்களுக்குள் யார் போய்ச் சொல்வார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.